பனியன் கம்பெனியில் பண்பாட்டுப் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பையர் (எங்கள் துணிகளை வாங்கும் நிறுவனம்) அனுப்பிய ஆடிட் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பல மாநிலத் தொழிலாளர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், சூப்பர்வைசர்களுக்குப் பண்பாட்டு வேறுபாடு பற்றிய பயிற்சி கொடுத்ததற்குப் பதிவு இல்லை என்று. திருப்பூரில் இப்படி ஒரு வரி வந்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். யாரையாவது கூப்பிட்டு ஒரு மதியம் பேச வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுவார்கள். எங்கள் எம்.டி. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "செலவு பண்றதுன்னு ஆயிப்போச்சுங்க, உருப்படியா ஏதாச்சும் வர்ற மாதிரி பாருங்க" என்றார். சென்னையிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்தோம். அந்தச் சேவையைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. குறைகளும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே பயிற்சியை ஏறக்குறைய இதே ஸ்லைடுகளோடு விற்பவர்கள் கோவையிலும் பெங்களூரிலும் பலர் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் யாரிடம் வாங்கினாலும் பயன் உண்டு.

நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனியில் எச்.ஆர். எங்கள் தையல் லைன்களில் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வீடு பிடித்துக் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மத்திய அரசின் கிராமப்புற இளைஞர் தொழில்பயிற்சித் திட்டமான தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா மையங்களில் மிஷின் ஓட்டப் பழகிவிட்டு வந்தவர்கள். அயர்ன், பேக்கிங், கட்டிங் பக்கம் பீகார், உத்தரப்பிரதேச ஆண்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள், எங்கள் ஊரின் ஆள் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

வாங்கியது என்னவென்றால்: பயிற்சிக்கு முன் ஒரு நாள் பயிற்சியாளர் கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பது (முன்பார்வை நாள்), பிறகு இரண்டு நாள் பயிற்சி, மூன்று மாதம் கழித்து ஒரு மறுவருகை. 90,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. சூப்பர்வைசர்கள், கட்டிங் மாஸ்டர், குவாலிட்டி ஆட்கள், ஹாஸ்டல் வார்டன், டைம் ஆபீஸ் கிளார்க் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் ஹால் பயிற்சி. இந்த நாளுக்குக் கொடுத்த காசு வீண் என்பது என் கருத்து. ஜப்பானில் குனிந்து வணங்குவார்கள், அரபு நாட்டில் இடது கையால் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் லைனில் ஜப்பான்காரர் யாரும் ஓவர்லாக் மிஷின் ஓட்டவில்லை. பன்முகத்தன்மை உள்ள கம்பெனிகள் அதிக லாபம் பார்க்கின்றன என்று ஒரு வரைபடம் வந்தது. அமெரிக்கப் பெருநிறுவனங்களின் இயக்குநர் குழுவைப் பற்றிய படம் அது. ஷிப்டில் எத்தனை பீஸ் இறங்கியது என்று பதில் சொல்ல வேண்டிய ஒரு லைன் சூப்பர்வைசருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மதியத்துக்கு மேல் பின்வரிசையில் எல்லோரும் குனிந்து வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இது எங்கள் ஹாலில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா காலெவும் அமெரிக்க நிறுவனங்களின் பல வருடத் தரவை வைத்து 2016-ல் எழுதினார்கள். மேலாளர்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்துப் பாடம் நடத்திய நிறுவனங்களில், ஐந்து வருடம் கழித்தும் மேலாளர் பதவிகளில் சிறுபான்மையினர் கூடவில்லை, சில பிரிவினர் குறைந்தே போனார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆள் எடுக்கும் முறையையும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையையும் தொடாமல், "மரியாதையாக நடங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதால் எதுவும் மாறாது. பயிற்சி விற்பவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் ஹால் பயிற்சியையே முதலில் விற்கிறார்கள். அதுதான் அவர்களுக்குச் சுலபம்.

முதல் நாளில் உருப்படியாக இருந்தது கடைசி அரை மணி நேரம் மட்டும். எங்கள் சீனியர் சூப்பர்வைசர் எழுந்து, "ஏனுங்க மேடம், எங்க ஆளுங்களுக்கு ரெண்டு நாள்ல கொஞ்சம் இந்தி சொல்லிக் குடுத்துட்டா போதாதுங்களா? இவங்க எல்லாருக்கும் ஒரே இந்திதானுங்களே?" என்று கேட்டார். பயிற்சியாளர் ஸ்லைடை நிறுத்திவிட்டு போர்டில் எழுத ஆரம்பித்தார். பீகார் என்றால் போஜ்பூரி, மைதிலி, மகஹி. ஒடிசாவிலிருந்து வரும் பெண் ஒடியா பேசுவாள், மயூர்பஞ்ச் பக்கம் என்றால் வீட்டில் சந்தாலி பேசலாம். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துப் பெண்ணுக்கும் வீட்டில் சந்தாலி இருக்கலாம், அதற்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. சந்தாலியும் மைதிலியும் 2003-ல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தவை. இந்தி இந்தப் பெண்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். அதைக் கேட்ட பிறகு அந்தச் சூப்பர்வைசர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது: "அப்ப நான் சொல்றது புரிஞ்சுதான் தலையாட்டுறாங்களா, இல்ல சும்மா ஆட்டுறாங்களா?" அந்தக் கேள்வியோடுதான் இரண்டாம் நாள் ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் பயிற்சி லைனில் நடந்தது. இந்தச் சேவையை நான் சிபாரிசு செய்கிறேன் என்றால் அது இந்த ஒரு நாளுக்காக.

பயிற்சியாளர் முன்பார்வை நாளிலேயே பவர் டேபிள் (தையல் மிஷின்கள் வரிசையாக இருக்கும் மேஜை) பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) யாருக்குப் போகிறது என்று பண்டில் டிக்கெட் நம்பரோடு எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு ஓடியது மூன்று கலர் ஆர்டர். வெள்ளை, சாம்பல், கறுப்பு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது தையல் கண்ணுக்குத் தெரியாது. லூப் விட்டுப்போனாலும் தெரியாது. வேகம் குறையும், ஆல்டரேஷன் (பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்) கூடும், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று ஓடுகிறவருக்கு அன்றைய கூலி இறங்கும். அவர் எழுதி வைத்திருந்த தாளில் கறுப்பு பண்டில்கள் பெரும்பாலும் இரண்டே மிஷினுக்குப் போயிருந்தன. இரண்டிலும் ஜார்க்கண்ட் பெண்கள். அவர் அந்தத் தாளை ஹெல்ப்பர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னார். பண்டில் எடுத்துப் போடுவது அந்த ஹெல்ப்பர்தான். உள்ளூர் அம்மா, நல்ல மனுஷி, அந்தப் பெண்களுக்குத் தன் டப்பாவிலிருந்து குழம்பு கொடுக்கிறவர். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "நான் வேணும்னு செய்யலீங்க. இவங்க சண்டைக்கு வர மாட்டாங்க, மத்தவங்க கருப்பக் கண்டாலே கத்துவாங்க" என்றார். அந்த இருவரில் ஒரு பெண் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது: "அக்கா, எனக்கு மட்டும் கருப்பு. கண்ணு வலி. சொன்னா வேலை போகும்னு சொல்லல."

இந்த இடத்தில் பயிற்சியாளர் கென்யாவில் நடந்த ஒரு ஆய்வைச் சொன்னார். ஸ்லைடில் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லைனுக்குப் பக்கத்தில் நின்று சொன்னதால் எல்லோரும் கேட்டார்கள். யோனாஸ் ஹ்யோர்ட் என்ற பொருளியலாளர் 2014-ல் வெளியிட்டது. பூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. ஒருவர் ரோஜாவை எடுத்துக் கொடுப்பார், இரண்டு பேர் அதைத் தரம் பிரித்துக் கட்டுவார்கள். எடுத்துக் கொடுப்பவருக்கு இருவரும் கட்டிய மொத்தக் கணக்கில் கூலி, கட்டுபவர்களுக்கு அவரவர் கட்டியதற்குக் கூலி. தொழிலாளர்கள் கிக்குயு, லுவோ என்ற இரண்டு இனத்தார். எடுத்துக் கொடுப்பவர், தன் இனத்தவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் பூ கொடுத்தார். அதில் அவருடைய கூலியும் குறைகிறது என்று தெரிந்தும் கொடுத்தார். 2007 கடைசியில் தேர்தலை ஒட்டிக் கலவரம் வந்தபோது இந்த இடைவெளி இன்னும் கூடியது. அதற்குப் பிறகு கம்பெனி, கட்டுகிற இருவருக்கும் சேர்த்துக் கட்டிய மொத்தத்தில் கூலி என்று மாற்றியது. அவர்கள் இருவருக்கிடையே பாகுபாடு காட்டுவதில் எடுத்துக் கொடுப்பவருக்கு அர்த்தமில்லாமல் போனது, இடைவெளியும் குறைந்தது. யாருடைய மனசையும் மாற்றுவதற்கு அங்கே வகுப்பு எடுக்கவில்லை. கூலி கொடுக்கும் முறையை மாற்றினார்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு உடனே சொன்னார், "அப்ப பண்டில வரிசைப்படி எடுக்கச் சொல்லீருங்க, கை வெச்சுத் தேட விடாதீங்க." அன்று மாலையே டிக்கெட் நம்பர் வரிசையில்தான் பண்டில் எடுக்க வேண்டும் என்று முடிவானது. கறுப்பும் வெள்ளையும் எல்லா மிஷினுக்கும் மாறி மாறிப் போகிறது. லைன் முழுக்க இலக்கை எட்டினால், பீஸ் ரேட்டுக்கு மேல் சனிக்கிழமைச் சம்பளத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு ஊக்கத்தொகை என்பதையும் எம்.டி. ஒத்துக்கொண்டார். அந்த லைனில் ஆல்டரேஷன் குறைந்திருக்கிறது. வேறு பல விஷயமும் மாறியிருப்பதால் அத்தனையும் இந்தப் பயிற்சியால் வந்தது என்று நான் கணக்கு எழுத மாட்டேன். கறுப்புக் கலர் ஓடும் நாட்களில் ஆள் லீவு போடுவது நின்றுவிட்டது, அதை என் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரிலேயே பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம் ஊசி. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டில் முழுவதையும் ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டர் மிஷினில் விட வேண்டும். குழந்தைகள் துணியில் ஒரு துண்டு ஊசி போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஹாஸ்டல் பெண்கள் சிலர் உடைந்த ஊசியைச் சொல்லாமல், பக்கத்து மிஷினிலிருந்து கடன் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பயிற்சியாளர் ஒடியா தெரிந்த வார்டனை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊசிக்குக் கூலியில் பிடித்தார்களாம். எங்களிடம் அப்படிப் பிடிப்பது கிடையாது. ஆனால் பிடிப்பதில்லை என்று யாரும் அவர்கள் மொழியில் சொன்னதும் கிடையாது. சுவரில் ஊசி விதிமுறை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இப்போது ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறோம், படிக்க முடியாதவர்களுக்காகப் படமும் போட்டிருக்கிறோம். "ஊசி உடைந்தால் கூலி பிடிக்க மாட்டோம்" என்பதுதான் முதல் வரி. இந்த ஒன்றுக்காகவே அந்த நாள் தகும்.

வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. கேட்டில் "டெய்லர்கள் தேவை" பலகை பார்த்து ஒருவர் வந்தால், முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். பதிலைக் கேட்டவுடனே பாதி முடிவாகிவிடும். பீகார் என்றால் அயர்ன் டேபிள், ஒடிசாப் பெண் என்றால் செக்கிங், தென் மாவட்டம் என்றால் இன்னொரு கணக்கு. மிஷினில் உட்கார வைத்துப் பார்ப்பதற்கு முன்பே. பயிற்சியாளர் சொன்ன மாற்றம் சின்னது. முதலில் தையல் டெஸ்ட். வந்தவர் ஒரு கை, ஒரு கழுத்து, ஒரு அடிமடி தைக்க வேண்டும். பீஸில் பெயர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும். அதைத் தைத்தவரைப் பார்க்காத குவாலிட்டி ஆள் மார்க் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர், பெயர், ஆதார் எல்லாம். பெயரைப் பார்த்தே ஒதுக்குவது படித்தவர்கள் வேலையிலும் நடக்கிறது என்பதற்கு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். ஒரே தகுதியோடு அனுப்பிய விண்ணப்பங்களில் தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் உள்ளவற்றுக்கு இன்டர்வியூ அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. நம்பர் போட்ட டெஸ்ட் வந்த பிறகு, எங்கள் அயர்ன் டேபிளில் நின்றிருந்த ஒரு பீகார் இளைஞர் பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டுவார் என்பது தெரிந்தது. லூதியானாவில் பழகியிருக்கிறார். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. பிளாட்லாக் டெய்லர் கிடைக்காமல் நாங்கள் ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது.

டைம் ஆபீஸ் ஃபாரத்தையும் அவர்கள் பார்த்தார்கள். நம் ஃபாரத்தில் பெயர், இனிஷியல் என்று கட்டம் இருக்கும். சந்தால் பழங்குடிப் பெண்களுக்கு முர்மு, ஹேம்பிரம், சோரன் என்று குலப்பெயர் பின்னால் வரும். கிளார்க் அதைப் பெயர்க் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயரை முதல் எழுத்தாகச் சுருக்கிவிட்டார். சம்பளப் பட்டியலில் ஒரே மாதிரி வரிசையாக முர்மு. ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாததால் பி.எஃப். கணக்கு இணையாமல் நின்றது. வேலையை விட்டுப் போகிறவர் தன் பணத்தை எடுக்க முடியாமல் அலைவது இதனால்தான். ஃபாரத்தில் "ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரே கட்டமாக மாற்றினோம். பத்து நிமிட வேலை.

லீவு விஷயத்துக்கு வருகிறேன், இதில் பணம் நேரடியாகக் கையைக் கடிக்கிறது. தமிழ்நாட்டில் 1958-ஆம் வருட தொழில் நிறுவன விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக ஐந்து பண்டிகை நாட்கள் லீவு தர வேண்டும். அந்த ஐந்தும் நம் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று போய்விடும். பீகார்க்காரர்களுக்குப் பெரிய பண்டிகை சத் பூஜை. தீபாவளி முடிந்து ஆறேழு நாளில் வருவது, நான்கு நாள் விரதம், தண்ணீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் கொடுப்பது. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. சத் பூஜையின் மாலை அர்க்கியம் 27, காலை அர்க்கியம் 28. அதை முடித்துவிட்டு ரயில் ஏறி இங்கே வந்து சேரும்போது மாதம் முடிந்துவிடும். தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் மிஷினை ஓட்டிவிட்டு, "சொன்ன தேதிக்கு வரல, ஏமாத்திட்டாங்க" என்று கத்துவது எங்கள் ஊரில் வருடா வருடம் நடக்கிறது. அவர்கள் வராமல் போகவில்லை, பூஜை முடியாமல் கிளம்ப முடியாது. இந்தத் தேதியெல்லாம் பஞ்சாங்கத்தில் முன்னாடியே இருக்கிறது.

பயிற்சியாளர் கொடுத்த யோசனை: லீவு பட்டியலை ரயில் முன்பதிவு திறப்பதற்கு முன் முடித்துவிடுங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகஸ்டிலேயே யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று எழுதி வாங்கி, திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து எடுத்துக் கொடுத்தால், எந்த லைன் எந்த வாரம் நிற்கும் என்று ஷிப்மெண்ட் தேதி பேசும்போதே தெரிந்துவிடும். ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய். தமிழ் ஆட்களில் சிலர் தீபாவளிக்கு முன்னால் ஓவர்டைம் பார்த்துக் கொடுக்கச் சம்மதித்தார்கள், பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது வடக்கிலிருந்து வந்தவர்கள் ஈடுகட்டுவதாகப் பேச்சு. இந்த மாற்றல் ஏற்பாடு எங்களிடம் நடக்கிறது.

ஹாஸ்டல் சாப்பாடு பற்றி அதிகம் பேசவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒடிசாப் பெண்கள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுவார்கள், பகாளா என்பார்கள். நம் பழைய சோறுதான். "கெட்டுப்போனதைத் திங்கறாங்க" என்று சமையல் ஆள் கொட்டிக்கொண்டிருந்தார். வார்டன் ஒரு நாள் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டு சேர்ந்து சாப்பிட்டதில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

பயிற்சியாளர் கேட்டதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி 2023 மார்ச் பற்றியது. வேறு எங்கேயோ எடுத்த வீடியோக்களைத் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிப்பதாகப் போட்டுப் பரப்பினார்கள். ஹோலிக்குச் சில நாள் முன்னால். ஸ்டேஷனில் கூட்டம், பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது, போலீஸ் இந்தியில் அறிவிப்புக் கொடுத்தது. "அந்த வாரம் உங்கள் தொழிலாளி சந்தேகம் வந்ததும் யாரைக் கேட்டார்?" என்று அவர் கேட்டார். ஊரிலிருந்து வந்த போனை நம்பினார்கள், கூட்டி வந்த காண்ட்ராக்டரை நம்பினார்கள். ஆபீஸுக்கு வந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. வந்தால் அவர்கள் மொழியில் பேச ஆபீஸில் ஆளே இல்லை. இதற்குப் பிறகு லைனில் இருந்த ஒரு ஒடிசாப் பெண்ணை, தமிழும் இந்தியும் நன்றாகப் பேசுகிறவர், சம்பள உயர்வோடு ஆபீஸில் நலப் பணிக்கு எடுத்தோம். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும் மேஜையில் அவர்தான் உட்காருகிறார். கணக்கில் சந்தேகம் என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அது நல்லது. அந்தக் கேள்வி முன்பெல்லாம் கேட்கப்படாமலேயே, ஆள் வேலையை விட்டு நின்றுவிடுவதாக முடிந்தது.

இனி குறைகள். மூன்று இருக்கின்றன, மூன்றும் பெரியவை.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் தனியாகக் கேட்டபோது, "அது உணர்ச்சிகரமான விஷயம், எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை" என்றார்கள். திருப்பூரில் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டு சாதியைப் பேசாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணிடம் "எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கிற சூப்பர்வைசர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தோரட் ஆய்வை எடுத்துச் சொன்னவர்களே, அதிலுள்ள தலித் பெயர்களை நம் லைனுக்குப் பொருத்திப் பேசத் தயங்கினார்கள். வடக்கு–தெற்கு வித்தியாசத்தை மட்டும் பேசுவது அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

இரண்டாவது, உள்ளூர்த் தொழிலாளர்களின் மனக்குறையைத் தட்டிக்கழித்தார்கள். "இவங்க வந்ததால எங்க கூலி ஏறல" என்று ஒரு பவர் டேபிள் டெய்லர் எழுந்து சொன்னார். அதற்குப் பயிற்சியாளர் "எதிர்மறை எண்ணம்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் இருபது வருடமாக மிஷினில் உட்கார்ந்திருப்பவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் பேசி முடிக்கும் சம்பள ஒப்பந்தக் கூலி, காண்ட்ராக்டர் வழியாக வருகிறவருக்கும் முழுசாகக் கிடைக்கிறதா என்பதுதான் அதற்குப் பதில். கிடைத்தால் யாரும் யாருடைய கூலியையும் இறக்க முடியாது. கிடைக்கவில்லை என்றால் அவர் கோபம் சரியான கோபம், அது போக வேண்டிய இடம் பக்கத்து மிஷின்காரர் இல்லை. இதைப் பயிற்சியாளர் அங்கேயே பேசியிருக்க வேண்டும். நான் மறு வாரம் தனியாகக் கூட்டம் போட்டுப் பேசினேன்.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. அவர்கள் அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு இந்தி மட்டுமே தெரியும். எங்கள் வார்டன் இல்லை என்றால் ஊசி விஷயம் வெளியே வந்தே இருக்காது. முன்பார்வை நாளில் ஆள் பட்டியலை மாவட்ட வாரியாக நான் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்தாவது ஒடியா தெரிந்தவரைக் கூட்டி வந்திருக்கலாம்.

மறுவருகை சுமார். "உங்கள் மனப்பான்மை எவ்வளவு மாறியிருக்கிறது, 1 முதல் 5 வரை" என்று போனில் நிரப்பும் ஃபாரம் கொடுத்தார்கள். எல்லோரும் 5 போட்டார்கள். பண்டில் டிக்கெட்டையும் ஆள் சேர்ப்பு டெஸ்ட் பீஸ்களையும் எடுத்துப் பார்க்கச் சொல்லி நான்தான் கேட்டு உட்கார வைத்தேன். பார்த்த பிறகு நல்ல குறிப்புகள் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி சேவை எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: பயிற்சியாளர் லைனில் எத்தனை மணி நேரம் உட்காருவார், உங்கள் ஆட்களின் மொழி தெரிந்தவர் யார் வருகிறார், ஆள் எடுக்கும் ஃபாரத்தையும் கூலிப் பட்டியலையும் பார்ப்பார்களா, காண்ட்ராக்டரையும் உட்கார வைப்பார்களா, சாதி பற்றிப் பேசுவார்களா. பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இந்த விலை தேவையே இல்லை. ஒரு நாள் நீங்களே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பண்டில் கணக்கு எழுதினால் பாதி தெரிந்துவிடும். பெரிய யூனிட்டுகளுக்கு, வெளியாள் வந்து எழுதுவதில் ஒரு பலன் இருக்கிறது. அவர் எழுதிய தாளை யாரும் "எச்.ஆர். மேடத்துக்கு வேண்டியவங்க" என்று தள்ளிவிட முடியாது.

நாங்கள் இந்த வருடமும் அவர்களையே கூப்பிடுகிறோம். ஹால் பயிற்சி வேண்டாம், அந்த நாளும் லைனிலேயே நடக்க வேண்டும், ஒடியா தெரிந்தவரும் சந்தாலி தெரிந்தவரும் வர வேண்டும், சாதி பாடத்தில் இருக்க வேண்டும், எங்களுக்கு ஆள் கொடுக்கும் காண்ட்ராக்டர்களும் உட்காருவார்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். சாதி பற்றிய பகுதியை எப்படி நடத்துவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அதை எழுதித் தராமல் நான் முன்பணம் அனுப்பப் போவதில்லை.